பழைய டிராக்டர்களின் இழுவைப் போட்டி: முறையும் பாதுகாப்பும்

பழைய டிராக்டர் இழுவைப் போட்டி என்பது, இழுக்க இழுக்கச் சுமை கூடிக்கொண்டே போகும் ஒரு ஸ்லெட்டைப் பண்ணை டிராக்டர் எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்கிறது என்று அளந்து பார்க்கும் விளையாட்டு. அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா, இல்லினாய், அயோவா, மிசூரி போன்ற நடுமேற்கு மாநிலங்களில் கோடையிலும் அறுவடைக் காலத்திலும் நடக்கும் கவுண்டித் (மாவட்டத்) திருவிழாக்களில் இதற்குத் தனி இடம் உண்டு. பரிசு பெரும்பாலும் ஒரு கோப்பையோ சிறு தொகையோதான். கலந்துகொள்பவர்களில் பலர் தாத்தாவோ தந்தையோ உழுத டிராக்டரைப் பழுதுபார்த்து ஓட்டிவரும் உழவர்கள்.

விளையாட்டின் வேர் குதிரைகளிடம் இருக்கிறது. எவருடைய குதிரைகள் அதிகச் சுமை இழுக்கும் என்று உழவர்கள் பந்தயம் கட்டிய காலத்தின் தொடர்ச்சியாக, 1929-ல் மிசூரியின் பௌலிங் கிரீனிலும் ஒஹாயோவின் வான்ஸ்வில்லிலும் டிராக்டர்களைக் கொண்டு போட்டிகள் நடந்தன. 1969-ல் எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடித் தேசிய டிராக்டர் இழுவையாளர் சங்கத்தை அமைத்து விதிகளை ஒருமைப்படுத்தினர். பல என்ஜின்கள் பூட்டிய, ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட வண்டிகள் மோதும் தொழில்முறைப் போட்டி அந்தச் சங்கத்தின் கீழ் வளர்ந்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதன்று. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, நடக்கும் வேகத்தில் இழுக்கும் பழைய டிராக்டர்களைப் பற்றியது.

எந்த டிராக்டர்கள்

'பழையது' என்பதற்கான எல்லை சங்கத்துக்குச் சங்கம் மாறும். 1950களின் இறுதியையோ 1960-ஐயோ கடைசி ஆண்டாக வைப்பது பரவலான வழக்கம். களத்தில் அடிக்கடி காணப்படுபவை 1939-ல் அறிமுகமான ஃபார்மால் எச், எம் வகைகள், 1934 முதல் 1952 வரை தயாரான, இரண்டே சிலிண்டர் கொண்ட ஜான் டீர் ஏ, 1953-ல் வந்த அல்லிஸ்-சால்மர்ஸ் டபிள்யூடி-45, ஆலிவர் 88, மாசி-ஹாரிஸ் 44 ஆகியவை.

டிராக்டர்கள் எடையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஓட்டுநரையும் சேர்த்து எடைமேடையில் நிறுத்தி, 3500, 4500, 5500 பவுண்டு என்பது போன்ற வகுப்புகளில் சேர்ப்பார்கள். எடை குறைந்த டிராக்டரில் இரும்புக் கட்டிகளை மாட்டி வகுப்பின் உச்ச எடைவரை ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டு. வேகத்துக்கும் வரம்பு உண்டு; பல சங்கங்கள் மணிக்கு 3 அல்லது 4 மைலுக்கு மேல் போகும் டிராக்டரைத் தகுதிநீக்கம் செய்கின்றன. ஆகவே வெற்றியைத் தீர்மானிப்பது எடையை எங்கே வைப்பது, எந்தக் கியரில் இழுப்பது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்ற கணக்குகளே.

இந்த டிராக்டர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல்பார் இவற்றில் கிடையாது. அமெரிக்காவில் கூலியாட்கள் ஓட்டும் புதிய டிராக்டர்களுக்கு அது கட்டாயமானது 1976 அக்டோபரில்தான்; உற்பத்தியாளர்கள் எல்லாப் புது டிராக்டர்களிலும் அதைப் பொருத்தத் தொடங்கியது 1985-ல். அதற்கு முன் வந்த டிராக்டரில் பின்னர் தனியாக ரோல்பார் பொருத்தாவிட்டால், கவிழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே பாதுகாப்பு.

ஸ்லெட் வேலை செய்யும் விதம்

தொடக்க காலத்தில் அசையாத எடையை ஏற்றிய மரச்சட்டத்தை இழுத்தார்கள். பிறகு, தடத்தின் ஓரத்தில் வரிசையாக நின்ற ஆட்கள் ஸ்லெட் கடந்துபோகும்போது ஒருவர்பின் ஒருவராக அதில் ஏறிச் சுமையைக் கூட்டினார்கள். நகரும் வண்டியில் ஏறுவது ஆபத்து என்பதாலும், ஏறுபவரின் எடை ஆளுக்கு ஆள் மாறும் என்பதாலும் அந்த முறை கைவிடப்பட்டது.

இன்றைய ஸ்லெட்டின் பின்பக்கம் சக்கரங்கள் இருக்கும். முன்பக்கம் தரையில் உராயும் தட்டையான இரும்புத் தகடு இருக்கும். மேலே சாய்வான தண்டவாளத்தில் எடைப் பெட்டி நிற்கும். புறப்படும்போது பெட்டி பின்சக்கரங்களின் மேல் இருப்பதால் இழுவை எளிது. ஸ்லெட்டின் சக்கரங்கள் சுழலச் சுழல, அவற்றோடு பிணைத்த சங்கிலி பெட்டியை முன்னோக்கி ஏற்றும். எடை தகட்டின் மேல் இறங்க இறங்க உராய்வு கூடி, கடைசியில் டிராக்டர் நின்றுவிடும், அல்லது சக்கரம் வழுக்கும். நின்ற இடம்வரை உள்ள தொலைவே மதிப்பெண். வழக்கமாக 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீட்டர், முழு இழுவை எனப்படும். ஒன்றுக்கு மேற்பட்டோர் அதை எட்டினால் சுமையைக் கூட்டி மறுபடி இழுக்கவைப்பார்கள்.

டிராக்டர் வேகம் குறைந்து நிற்கப்போகும் கடைசிக் கணத்தில்தான் சுமை உச்சத்தில் இருக்கிறது என்பது இந்த அமைப்பின் விளைவு. விபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள கணமும் அதுவே.

முன்சக்கரம் ஏன் எழும்புகிறது

டிராக்டர் இழுக்கும்போது முன்சக்கரங்களின் மேலுள்ள எடையில் ஒரு பங்கு பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. பின்டயர் தரையைக் கவ்விப் பிடிப்பது இந்த எடைமாற்றத்தால்தான். அளவு மிஞ்சினால் டிராக்டரைப் பின்புறமாகக் கவிழ்ப்பதும் இதே எடைமாற்றம்தான். ஆகவே நன்றாக இழுப்பதும் பத்திரமாக இழுப்பதும் ஒரே கணக்கைச் சார்ந்தவை.

அந்தக் கணக்கு எளியது. இழுவிசையைக் கொக்கியின் உயரத்தால் பெருக்கி, முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தொலைவால் வகுத்தால் முன்பக்கம் இழக்கும் எடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 2200 கிலோ எடையுள்ள டிராக்டரில் முன்சக்கரங்களின் மேல் 660 கிலோ இருப்பதாகவும், அச்சு இடைவெளி 2.25 மீட்டர் என்றும், இழுவிசை 1500 கிலோ என்றும் கொள்ளலாம். கொக்கி தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்பக்கம் 333 கிலோ இழக்கும். மீதி 327 கிலோ தரையில் பதிந்திருக்கும். உயரம் 75 செ.மீ. ஆனால் இழப்பு 500 கிலோ. மீதி 160 கிலோ மட்டுமே, திருப்பினாலும் டிராக்டர் சரிவரத் திரும்பாது. உயரம் 1 மீட்டர் ஆனால் இழப்பு 667 கிலோ. முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

கொக்கியை உயர்த்தினால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும் என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. போட்டியாளருக்கு வரும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. எனவேதான் பெரும்பாலான சங்கங்கள் கொக்கியின் உச்ச உயரத்தை 20 அங்குலம் (சுமார் 51 செ.மீ.) என்று கட்டுப்படுத்துகின்றன. பின்அச்சின் மையத்திலிருந்து கொக்கி குறைந்தது 18 அங்குலம் (சுமார் 46 செ.மீ.) பின்னால் இருக்க வேண்டும் என்பதும் பரவலான விதி. முன்பக்கம் எழும்பும்போது அச்சுக்குப் பின்னால் தள்ளியுள்ள கொக்கி தாழ்ந்து, கவிழ்க்கும் விசையைத் தானே குறைக்கும். அச்சுக்கு நேர் கீழே கட்டிய கொக்கி அப்படித் தாழாது. அச்சுக்கு மேலே, இருக்கையின் சட்டத்திலோ மும்முனை இணைப்பின் மேற்கம்பியிலோ சங்கிலியைக் கட்டுவது எந்தச் சூழலிலும் கூடாது.

கவிழ்வதற்கு வேறொரு வழியும் உண்டு. பின்சக்கரம் குழியில் சிக்கி அசையாமல் நின்றால், அதைச் சுழற்ற முடியாத என்ஜினின் முறுக்குவிசை டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். கிளட்ச்சைப் படாரென்று விட்டாலும் இதே நிலைதான். முன்பக்கம் எழத் தொடங்கியபின் மீள முடியாத நிலையை எட்ட முக்கால் வினாடி போதும். ஒன்றரை வினாடிக்குள் டிராக்டர் தலைகீழாகிவிடும். ஆபத்தை உணர்ந்து கால் கிளட்ச்சுக்குப் போவதற்கே ஏறக்குறைய அந்த நேரம் ஆகும். ஓட்டுநரின் சுறுசுறுப்பை நம்பாமல் டிராக்டரிலேயே தடுப்பு பொருத்துவது இதனால்தான்.

டிராக்டரைத் தயார் செய்தல்

முதல் தடுப்பு, பின்தாங்கிக் கம்பிகள். பின்அச்சுக் கூட்டிலிருந்து டயர்களுக்குப் பின்னால் நீளும் இரண்டு வலுவான இரும்புக் கைகள் இவை. நுனியில் தட்டையான பாதமோ சிறு சக்கரமோ இருக்கும். முன்பக்கம் எழும்பினால் பாதம் தரையில் ஊன்றி மேற்கொண்டு சாயாமல் நிறுத்தும். டிராக்டரின் முழு எடையையும் தாங்கும் வலு இவற்றுக்கு வேண்டும். தரையிலிருந்து பாதம் 10 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்பது வழக்கமான விதி. தாங்கியை இழுவைக் கம்பியோடு இணைத்தால் ஒன்று முறியும்போது மற்றதும் போய்விடும். தனித்தனியாகப் பொருத்துவதே முறை.

இரண்டாவது தடுப்பு, கில் சுவிட்ச். டிராக்டரின் பின்புறம் பொருத்திய இந்தச் சுவிட்ச்சிலிருந்து ஒரு வளையம் தொங்கும். ஸ்லெட்டிலிருந்து வரும் கயிறு அதில் மாட்டப்படும். சங்கிலி அறுந்தாலோ ஸ்லெட்டை இயக்குபவர் ஆபத்தைக் கண்டு இழுத்தாலோ என்ஜின் நின்றுவிடும். இதன் மின்னிணைப்பு டிராக்டருக்கு டிராக்டர் வேறுபடும். பேட்டரியும் காயிலும் உள்ள என்ஜினை நிறுத்த மின்சுற்றைத் துண்டிக்க வேண்டும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இருக்கும் மேக்னட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குவது. பேட்டரியைத் துண்டித்தாலும் அது நிற்காது. அதன் முதன்மைக் கம்பியை டிராக்டரின் உடலோடு இணைத்து 'எர்த்' செய்தால்தான் நிற்கும். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறியே தேவையில்லை என்பதால் எரிபொருளையோ காற்றையோ அடைக்க வேண்டும். எந்த வகையானாலும், ஒவ்வொரு போட்டிநாளிலும் களமிறங்குமுன் என்ஜினை ஓடவிட்டு வளையத்தை இழுத்துச் சோதிப்பது அவசியம்.

என்ஜினின் சுழல்வேகம் மூன்றாவது கவனம். ஃபார்மால் எச் நிமிடத்துக்கு 1650 சுற்றுக்கும், ஜான் டீர் ஏ 975 சுற்றுக்கும் வடிவமைக்கப்பட்டவை. சுழல்வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மாற்றி இதற்கு மேல் ஓட்டினால் வார்ப்பிரும்பாலான ஃபிளைவீல் சிதறும் அபாயம் உண்டு. வேகம் இருமடங்கானால் ஃபிளைவீலைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். ஜான் டீரின் பழைய இரட்டைச் சிலிண்டர் டிராக்டர்களில் ஃபிளைவீல் இடப்பக்கம் வெளியிலேயே சுழல்கிறது. அதன் சுழல்தளத்துக்கு நேராக எவரும் நிற்கக் கூடாது.

எடைக்கட்டிகளைக் கயிறாலோ சங்கிலியாலோ தொங்கவிடாமல் போல்ட்டால் இறுக்க வேண்டும். கட்டி எவ்வளவு முன்னே தள்ளியிருக்கிறதோ அவ்வளவு முன்பக்கத்தை அழுத்தும். ஆகவே கூடுதல் எடையை முதலில் முன்னால் வைத்துப் பார்ப்பது நல்லது. அதைத் தாங்கும் முன்சட்டத்தின் வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் காற்றைக் குறைத்து இழுப்பது ஆபத்து. டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் சக்கரத்தின் உள்விளிம்பு துருப்பிடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். வால்வைச் சுற்றி நன்கு பார்க்க வேண்டும்.

பல டிராக்டர்களில் பெட்ரோல் தொட்டி என்ஜினுக்கு மேலேயே இருக்கிறது. சூடான என்ஜினில் தொட்டியின் மூடியைத் திறப்பதும், நிரப்புவதும், ரேடியேட்டர் மூடியைத் திருகுவதும் தவிர்க்க வேண்டியவை. எரிபொருள் குழாயை வெளியேற்றுக் குழாயிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர்பொடித் தீயணைப்பான் டிராக்டரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிற கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டையும் பெல்ட் புல்லியையும் இயக்கத்திலிருந்து விலக்கி மூடி வைக்க வேண்டும்.

சங்கிலியும் கொக்கியும்

ஸ்லெட்டையும் டிராக்டரையும் இணைக்கச் சுமைக்கு ஏற்ற தரமுத்திரை கொண்ட எஃகுச் சங்கிலி மட்டுமே உகந்தது. நைலான் கயிறு இழுக்கும்போது நீண்டு ஆற்றலைச் சேர்த்து வைக்கும். அறுந்தால் நுனியிலுள்ள இரும்போடு சீறித் திரும்பும். சங்கிலி அவ்வளவு நீளாது என்றாலும் முறிந்தால் ஆளைக் கொல்லும் விசை அதற்கும் உண்டு. வளைந்த, தேய்ந்த, பற்றவைத்த கண்ணி எதுவும் பயன்படக் கூடாது. டிராபாரை (இழுவைக் கம்பியை) பக்கவாட்டில் ஆடாதபடி ஊசியால் பூட்ட வேண்டும்.

இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் கட்டி எதிரெதிராக இழுக்கவிடும் முறை நட்புப் போட்டிக்கு ஏற்றதன்று. ஸ்லெட்டின் சுமை படிப்படியாக ஏறுகிறது. எதிர் டிராக்டரின் இழுப்பு ஒரே வெட்டில் வருகிறது. ஒருவரின் பிடி நழுவும் கணத்தில் மற்றவரின் முன்சக்கரம் எழும்பலாம்.

களமும் ஆட்களும்

தடம் களிமண் கலந்த மண்ணால் அமைந்து, நீர் தெளித்து உருளையால் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு இழுவைக்குப் பின்னும் டயர் தோண்டிய குழிகளை நிரவுவது, அடுத்தவருக்குச் சமமான வாய்ப்பு கொடுப்பதோடு சக்கரம் சிக்கிக் கவிழ்வதையும் தடுக்கிறது. முழு இழுவைக் கோட்டுக்கு அப்பாலும் டிராக்டர் நிற்பதற்குப் போதிய வெற்றிடம் வேண்டும். பார்வையாளர்கள் இருபுறமும் உறுதியான தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். தடத்தின் இரு முனைகளிலும், சங்கிலி முறிந்தால் பாயக்கூடிய நேர்க்கோட்டிலும் எவரையும் விடக் கூடாது.

களத்துக்குள் வேலை உள்ளவர்கள் மட்டுமே இருக்கலாம்: கொடி காட்டுபவர், சங்கிலி மாட்டுபவர், ஸ்லெட்டை இயக்குபவர், தீயணைப்பானோடு நிற்பவர். சங்கிலி மாட்டுபவர் ஒருவராகவே இருப்பது நல்லது. டிராக்டர் நியூட்ரலில் நின்று, ஓட்டுநர் இரு கைகளையும் காட்டிய பிறகே அவர் டிராக்டருக்கும் ஸ்லெட்டுக்கும் நடுவே நுழைய வேண்டும். அவர் விலகிய பின்பே பச்சைக் கொடி எழ வேண்டும். சிவப்புக் கொடி எழுந்தால், காரணம் தெரியாவிட்டாலும் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். மீறுபவரைத் தகுதிநீக்கம் செய்வது பொதுவிதி.

ஓட்டுநருக்கு அடுத்து மட்கார்டில் ஒருவரை உட்காரவைக்கும் பழைய பழக்கத்துக்குக் களத்திலும் அதற்குப் போகும் வழியிலும் இடமில்லை. மது அருந்தியவருக்கும் அப்படியே.

இழுக்கும் முறை

கைகிளட்ச் உள்ள டிராக்டருக்குப் புதிதாக வருபவர் முதலில் அதைச் சுமையில்லாமல் ஓட்டிப் பழக வேண்டும். பழைய ஜான் டீரில் நெம்புகோலை முன்னே தள்ளினால் கிளட்ச் பிடிக்கும். பின்னே இழுத்தால்தான் விடும். ஆபத்தில் காலால் மிதிக்கத் தேடுபவருக்கு அங்கே கிளட்ச் பெடல் இருக்காது.

களத்தில் வரிசை இவ்வாறு அமைகிறது:

1. இருக்கையில் நன்றாக அமர்ந்து, கால்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்கக் கூடாது. முன்சக்கரம் எழுந்து விழும்போது வளையம் வெடுக்கென்று சுழன்று விரலை ஒடிக்கும்.

2. பச்சைக் கொடிக்குப் பின் மெதுவாக முன்னேறிச் சங்கிலியின் தொய்வை நீக்க வேண்டும். தொய்விலிருந்து வெட்டி இழுப்பது விதிமீறல். சங்கிலியையும் கியரையும் முறிப்பதும் அதுவே.

3. சங்கிலி விறைத்ததும் கிளட்ச்சை முழுவதும் விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சீராகக் கூட்ட வேண்டும். மிகத் தாழ்ந்த கியரில் முறுக்குவிசை கூடுதல் என்பதால் முன்பக்கம் எழும் வாய்ப்பும் கூடுதல். அடுத்த கியர் சில நேரம் பாதுகாப்பானது.

4. முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கேட்காதபோது இடது அல்லது வலது பிரேக்கை இலேசாகத் தொட்டு நேராக்கலாம். அழுத்தி மிதித்தால் டிராக்டர் பக்கவாட்டில் திரும்பிச் சங்கிலி டயரில் உரசும்.

5. முன்சக்கரம் எழுந்து அங்கேயே நின்றால், ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து அதை இறக்க வேண்டும். இறங்காவிட்டால் கிளட்ச்சை விலக்கி இழுவையை முடிக்க வேண்டும்.

6. சக்கரம் நகராமல் சுழன்று குழி தோண்டத் தொடங்கினால் இழுவை முடிந்தது. மேலும் சுழற்றினால் தொலைவு கூடாது. டயர் ஆழத்தில் சிக்கும்.

7. நின்றதும் கிளட்ச்சை விலக்கி நியூட்ரலுக்கு மாற்றி, சங்கிலி தளரும்வரை இருக்கையிலேயே இருக்க வேண்டும்.

திரும்பிப் போகும் வழி களத்தைவிடக் குறைந்த ஆபத்து உள்ளதன்று. முன்சக்கரங்கள் இரண்டும் நடுவில் ஒட்டி நிற்கும் மூன்றுசக்கர வடிவ டிராக்டர்கள் திருப்பத்திலும் சரிவிலும் எளிதில் பக்கவாட்டில் சாயும். களத்தைவிட்டு வெளியேறுமுன் இரு பிரேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டி, வேகத்தைக் குறைத்தே திரும்ப வேண்டும்.

இருக்கைப் பட்டையைப் பற்றிய ஒரு விதி இங்கே நினைவில் இருக்க வேண்டும். ரோல்பார் பொருத்திய டிராக்டரில் பட்டை கட்டாயம் கட்ட வேண்டும். ரோல்பார் இல்லாத டிராக்டரில் பட்டை கட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் பயன். தலைக்கவசத்தையும் காதுக்காப்பையும் சங்கத்தின் விதி கேட்காவிட்டாலும் அணிவது நல்லது.

விபத்து நேர்ந்தால்

போட்டி தொடங்குமுன்பே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்தையும் களத்துக்குள் அது நுழையும் வழியையும் தீர்மானித்து, அந்த வழியை வாகனம் நிறுத்த விடாமல் காக்க வேண்டும். டிராக்டர் கவிழ்ந்தால் முதல் வேலை என்ஜினை நிறுத்துவது. இரண்டாவது, கசியும் பெட்ரோலுக்கு அருகில் தீயணைப்பானோடு ஆள் நிற்பது. அதே நேரத்தில் மற்றொருவர் அவசர உதவியை அழைப்பது. அடியில் சிக்கியவரை விடுவிக்கும் அவசரத்தில் வேறொரு டிராக்டரால் இழுத்துத் தூக்கினால், அது நழுவி மறுபடி அவர்மேல் விழலாம். முதலில் மரக்கட்டைகளை அடைகொடுத்து டிராக்டர் அசையாதபடி நிறுத்தி, மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் தூக்கும்வரை சிக்கியவரின் மூச்சையும் இரத்தக்கசிவையும் கவனிக்க வேண்டும்.

காயமில்லாமல் முடிந்த நிகழ்வுக்குப் பிறகும் சோதனை தேவை. முன்சக்கரம் எழுந்து பின்தாங்கி ஊன்றியிருந்தால் அதன் போல்ட்டுகளையும் அச்சுக் கூட்டையும், சங்கிலி வெட்டி இழுபட்டிருந்தால் அதன் எல்லாக் கண்ணிகளையும் டிராபாரின் ஊசியையும் பரிசோதித்த பிறகே அந்த டிராக்டரை அடுத்த வகுப்பில் இறக்க வேண்டும்.